கோடும் கலைச்சொல்லும்
சித்திரக்கலையின் அடிப்படை எண்ணக்கருக்கள் பற்றிய ஒரு நோக்கு

சித்திரத்தை ஒரு பாடமாகப் பயிலும் நம் மாணவர் பலர் புறவரை, பிரமாணம், ஒளிநிழல், தூரநோக்கு முதலிய சொற்களுக்கு வரைவிலக்கணம் எழுதுவதில் வல்லவராயுள்ளனர். அச்சொற்கள் சுட்டும் செயலைத் தாளிற் செய்து காட்டுமாறு கேட்பின் அவர்களே தயங்குகின்றனர். இவ்விடைவெளியைத் தனிமனிதரின் திறமைக் குறைவாகக் கொள்ளுதல் பொருந்தாது. சிந்திப்போர் ஒருபுறமும் கையால் உழைப்போர் மறுபுறமுமாகப் பிரிந்து நின்ற சமூகத்திலே கல்வி பெற்ற வடிவத்தின் விளைவு அது. கலைச்சொல் என்பது பல தலைமுறையினரின் தொழில் அநுபவம் திரண்டு சுருங்கிய வடிவமாகும். செயலிலிருந்து பிரிக்கப்படும்போது அது மனனஞ் செய்வதற்குரிய ஒலியாகிவிடுகின்றது. எனவே, அடிப்படை எண்ணக்கருக்கள் சிலவற்றை எடுத்து, அவற்றின் செய்முறையையும் அவை உருவான சூழ்நிலையையும் ஒருங்கே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கோடு

இயற்கையிலே கோடு இல்லை. ஒரு பரப்பு முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லையையே நாம் கோடாகக் காண்கின்றோம். ஆகவே, கோடு வரைதல் என்பது எதனை விடுப்பது, எதனைக் கொள்வது என்று கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் தீர்மானமாகும். வண்ணந் தீட்டப்பெறாத வரைவினைப் ‘புனையா ஓவியம்’ என்று நெடுநல்வாடை குறிப்பிடுகின்றது. கோட்டு வரைவைத் தனியானதொரு நிலையாகப் பழந்தமிழர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அச்சொல்லே சான்று.

பயிற்சியின் பொருட்டுக் கோட்டினை மூன்றாக வகுக்கலாம். முதலாவது அசைவுக்கோடு. உருவத்தின் நிலையையும் இயக்கத்தையும் அரை நிமிடத்திலோ ஒரு நிமிடத்திலோ பிடிப்பது அது. பென்சிலின் கூரிலிருந்து விரல்களைத் தள்ளிப் பிடித்து, மணிக்கட்டால் அன்றித் தோளிலிருந்து கையை இயக்குதல் வேண்டும். இரண்டாவது ஆயத்தக்கோடு. பொருளின் அமைப்பையும் சாய்வையும் மெல்லிதாகக் குறித்துக் கொள்ள இது உதவும். மூன்றாவது புறவரை. கண் பொருளின் விளிம்பைப் பின்தொடர, கை அதே வேகத்தில் மெதுவாக நகரும். தாளை நோக்கும் நேரத்திலும் பொருளை நோக்கும் நேரம் கூடுதலாக இருத்தல் வேண்டும்.

பிழையான கோட்டை உடனே அழிப்பது நம் மாணவரின் வழக்கம். முதற்கோட்டினை விட்டு வைத்து, அதற்கருகே சரியான கோட்டினை இடுவதே பயன்தரும். எவ்வளவு விலகினோம் என்பதை அப்போதுதான் கண் அறியும். ஐந்தாம் நூற்றாண்டுச் சிகிரியா ஓவியங்களிலும் ஓவியர் கைநிலையை மாற்றி வரைந்த தடயங்கள் தெரிகின்றன. அவை ஓவியரின் சிந்தனை நடந்த வழியை நமக்குக் காட்டுகின்றன.

கோட்டினைக் கற்பிக்கும் முறையும் எங்கும் ஒன்றாக இருந்ததில்லை. கண்டிய மரபிற் சித்திரத் தொழில் பயின்ற சிறுவர் வளைகோட்டுப் பயிற்சியுடன் தொடங்கினர் என்பதை, கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விவரித்துள்ளார். நம் பெண்கள் புள்ளியிட்டுக் கோலம் போடுகையில், கை தூக்காது வளைகோட்டை இழுக்கும் பயிற்சி இயல்பாகவே கைவருகின்றது. பள்ளிக்கூடம் அதனைச் சித்திரக் கல்வியாகக் கணக்கிடுவதில்லை.

2. பென்சில்

கருவியின் இயல்பை அறியாது நுட்பத்தை அறிய முடியாது. பென்சிலின் உள்ளீடு காரீயமும் களிமண்ணும் சேர்ந்த கலவை. களிமண் கூடினால் வன்மையும் வெளிறிய கோடும், காரீயம் கூடினால் மென்மையும் கரிய கோடும் கிடைக்கும். ‘எச்’ வரிசை முன்னதையும் ‘பி’ வரிசை பின்னதையும் குறிக்கும். ஆயத்தக்கோட்டுக்கு எச்பி, நிழலிடுவதற்கு 2பி, 4பி, ஆழ்ந்த கருமைக்கு 6பி என்பது பொதுவான தெரிவு. இக்கலவை முறைக்கு 1795இற் காப்புரிமை பெற்றவர் பிரான்சைச் சேர்ந்த கொன்ரே. பிரித்தானியாவுடனான யுத்தத்தால் இங்கிலாந்தின் தூய காரீயம் பிரான்சுக்குக் கிடைக்காது போனமையே அக்கண்டுபிடிப்பின் தூண்டுகோல்.

இதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகின் முன்னணிக் காரீய ஏற்றுமதியாளருள் இலங்கையும் ஒன்று. போகல, கஹட்டகஹ முதலிய சுரங்கங்கள் இன்றும் அறியப்பட்டவை. காரீயத்தின் பெரும்பகுதி உலோகம் உருக்கும் மூசைகள் செய்யப் பயன்பட்டது; ஒரு பகுதி அமெரிக்கப் பென்சில் உற்பத்திக்கும் சென்றது. மூலப்பொருளைத் தோண்டியவரின் பிள்ளைகள் இறக்குமதிப் பென்சிலை விலைகொடுத்து வாங்கிய நிலை, குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்தைச் சுருக்கமாக விளக்கும்.

3. பிரமாணம்

ஓர் உருவத்தின் பகுதிகள் தம்முட் கொண்டுள்ள அளவுத் தொடர்பே பிரமாணம். அதனை அளக்கும் முறை எளிது. முழங்கையை மடக்காமற் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலின் நுனியைப் பொருளின் மேல் எல்லையிற் பொருத்தி, கீழெல்லையைப் பெருவிரலாற் குறித்துக் கொள்ளுதல் வேண்டும். அவ்வளவே அலகு. ஏனைய பகுதிகள் அவ்வலகின் எத்தனை மடங்கு என்று ஒப்பிடலாம். முழங்கை மடங்கினாற் கண்ணுக்கும் பென்சிலுக்கும் உள்ள தூரம் மாறி, அலகும் மாறிவிடும்.

ஐரோப்பிய முறையிற் தலையின் உயரம் அலகாகக் கொள்ளப்படும். நிற்கும் மனிதர் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரத்தினர். நம் சிற்பாசாரியர் முகத்தை அலகாகக் கொண்டனர். நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரையுள்ள அளவு ஒரு தாலம். அது பன்னிரண்டு அங்குலமாகப் பகுக்கப்படும். இவ்வங்குலம் உருவத்தின் உடலளவிலிருந்து பெறப்படும் பங்காகும். நவதாலம் 108 அங்குலம்; உத்தம தசதாலம் 124 அங்குலம். உச்சந்தலையிலிருந்து விழும் நேர்கோடான பிரம்மசூத்திரத்தை ஆதாரமாகக் கொண்டு சமபங்கம், அபங்கம், திரிபங்கம் ஆகிய நிலைகள் தீர்மானிக்கப்பட்டன. சித்திர வகுப்பிலே தூக்குநூல் பிடித்து உருவத்தின் சாய்வை அறிவதும் இதே தத்துவமாகும்.

எனினும், இரண்டினதும் சமூகப் பணி வேறு. முன்னது எதிரே நிற்கும் தனிமனிதரை அறிவதற்கான அளவை. பின்னது கோயிலும் அரசும் வேண்டிய இலட்சிய உருவத்தைத் தலைமுறை தோறும் பிழையின்றி ஆக்குவதற்கான விதி. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவர் இரண்டையும் பயன்படுத்தலாம்.

4. ஒளிநிழல்

தட்டையான தாளிற் திரட்சியைக் காட்டுவது ஒளிநிழல். ஒரு தேங்காயை யன்னலருகே வைத்து நோக்கின் ஆறு படிகள் புலனாகும்: ஒளி நேரே படும் உச்சம், ஒளிப்பகுதி, இடைநிலை, பொருளின் மீதே படியும் தன்னிழல், அயற் பரப்பிலிருந்து மீண்டு வரும் மறிவொளி, மேசையில் விழும் வீழ்நிழல். மறிவொளியை ஒளிப்பகுதியளவு வெளிறச் செய்வது தொடக்கநிலையாளர் பலரின் தவறு. அது நிழலின் பகுதியே. இணைகோடுகளால் நிழலிடும்போது கோடுகள் பொருளின் வளைவைப் பின்பற்றினால் திரட்சி தோன்றும். ஒரே திசையிற் சென்றால் பரப்புத் தட்டையாகும்.

வடக்கு யன்னலின் ஒளியிலேயே வரைதல் வேண்டும் என்று ஐரோப்பியக் கைந்நூல்கள் கூறும். அங்கு சூரியன் தென்புறமாகவே செல்வதால் வடக்கொளி நாள் முழுதும் மாறாதிருக்கும். கொழும்போ வட அகலக்கோடு ஏறத்தாழ ஏழு பாகையில் உள்ளது. ஏப்பிரல் இரண்டாம் வாரமளவிலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகலிற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கின்றது. அம்மாதங்களில் வடக்கு யன்னலினூடு வெயிலே புகலாம். பிறநாட்டு விதியை அதன் காரணத்தோடு கற்காவிடின் நேரும் இடர்ப்பாட்டுக்கு இது தக்க உதாரணம்.

5. தூரநோக்கு

வெள்ளவத்தைக் கடற்கரையிற் புகையிரதப் பாதையோரமாக நின்று நோக்குபவருக்குத் தண்டவாளங்கள் தூரத்தே ஒன்றுசேர்வது போலத் தோன்றும். அவை சேரும் இடம் மறைபுள்ளி. கடலும் வானும் சந்திக்கும் கோடு கண்மட்டம். அமர்ந்தால் அக்கோடு நம்முடன் தாழும். மாடிக்கு ஏறினால் நம்முடன் உயரும். கொட்டாஞ்சேனையிற் பொன்னம்பல இராமநாதன் கருங்கல்லாற் புதுக்குவித்த பொன்னம்பலவாணேஸ்வரத்தின் தூண் வரிசையை நெடுக நோக்கின், கண்மட்டத்துக்கு மேலுள்ள விளிம்புகள் கீழ்நோக்கியும், கீழுள்ளவை மேல்நோக்கியும் ஒரே புள்ளிக்குச் செல்வதைக் காணலாம். முதலிற் கண்மட்டம், அடுத்து மறைபுள்ளி, பின்னரே பொருள் என்பது வரையும் ஒழுங்கு.

இவ்விதியை அல்பேர்ட்டி 1435இல் நூல்வழி விளக்கினார். நிலத்தையும் பண்டத்தையும் துல்லியமாக அளக்க வேண்டியிருந்த இத்தாலிய வணிக நகரங்களின் சூழலில் அது தோன்றியமை தற்செயலன்று. உலகு முழுவதையும் ஒரே பார்வையாளரின் கண்ணை மையமாக வைத்து அது ஒழுங்குபடுத்துகின்றது என்பதை ஜோன் பேர்ஜர் 1972இல் எடுத்துக் காட்டினார். பதினெட்டாம் நூற்றாண்டுத் தெகல்தொருவ விகாரை ஓவியங்களில் ஒரே மறைபுள்ளி இல்லை. கிடையான பட்டிகளிற் கதை தொடர்ந்து செல்ல, அதே பாத்திரம் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றது. நடந்து சென்று கதையறியும் மக்களுக்கான ஓவியம் அது. அதனைத் ‘தூரநோக்கு அறியாதது’ என்று மட்டும் மதிப்பிடுவது, ஒரு வர்க்கத்தின் பார்வை முறையை மனித குலத்தின் ஒரே பார்வையாகக் கொள்வதாகும்.

6. கற்பித்தலில் எழும் பிரச்சினை

1920இற் சித்திரக் கல்விப் பரிசோதகராக வந்த சி.எவ். வின்சர், பிறர் படத்தைப் பார்த்தெழுதும் முறைக்கு மாறாக மாணவரின் சொந்த நோக்கினை ஊக்குவித்தார். வெள்ளவத்தையில் 1929-30 காலத்தில் வாழ்ந்த கவிஞர் பாப்லோ நெருடா, ஜோர்ஜ் கீற்றின் ஓவியங்களை வரவேற்று 1930இல் எழுதினார். 1943இற் கொழும்பில் உருவான ‘43 குழு’ நவீன நோக்கினையும் உள்ளூர் மரபினையும் இணைத்தது. அக்குழுவைச் சேர்ந்த எஸ்.ஆர். கனகசபை யாழ்ப்பாணத்திற் சித்திரக் கல்வியை வளர்த்தார். இவை பெருமைக்குரிய முயற்சிகள். ஆயினும், தச்சர், தட்டார், கன்னார், சிற்பாசாரியர் ஆகியோரின் கையறிவு சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டு, வகுப்பறைக்கு வெளியிலேயே பெருமளவு நின்றுவிட்டது.

மேற்காட்டிய சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு செயலின் பெயர். அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதுமுன் அச்செயலை மாணவர் செய்யுமாறு ஏற்பாடு செய்தல் வேண்டும். பரீட்சை வினாக்களும் ‘தூரநோக்கு யாது?’ என்பதை விடுத்து, ‘உமது தெருவினைக் கண்மட்டங் குறித்து வரைக’ என்று கேட்பனவாக அமைதல் நன்று. தேர் செய்யும் ஆசாரியாரை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, அவர் நூல்பிடிக்கும் முறையை மாணவர் காணச் செய்வதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அவரிடம் உள்ள சொற்களையும் கேட்டுக் குறித்துக் கொண்டால் நமது கலைச்சொற்றொகுதி வளம்பெறும்.