ஏழாம் எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஐந்தாம் எண்

கோல்ஃப் பந்து பறக்கும் தொலைவுக்குக் கடிவாளம் போடும் புதிய சோதனை விதியை ஆட்ட விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ ஆகிய இரு அமைப்புகளும் 2023 டிசம்பரில் அறிவித்தபோது, பொழுதுபோக்காக ஆடுவோருக்கு 2030 ஜனவரி வரை அவகாசம் தந்தன. அந்தக் கெடுவைச் சுட்டி இதழுக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்விதான் பல வடிவங்களில் திரும்புகிறது: பந்தின் தொலைவு குறையப்போகிறது என்றால், மட்டைகளுக்கு இடையிலான தொலைவு இடைவெளி குலையாமலிருக்க இப்போதே அயர்ன்களை வளைத்துக்கொள்ள வேண்டுமா, அல்லது தொகுப்பையே மாற்ற வேண்டுமா? புதிய விதி, டிரைவரின் தலை மணிக்கு 125 மைல் வேகத்தில் மோதும் நிலையில் பந்தைச் சோதிப்பது பற்றியது. இதுவரை அந்த வேகம் 120 மைலாக இருந்தது. சாதாரண ஆட்டக்காரர் இழக்கப்போவது டீயிலிருந்து 5 கெஜமோ அதற்கும் குறைவோதான் என்று அந்த அமைப்புகளே மதிப்பிட்டிருக்கின்றன. அதிகார அமைப்புகளின் மதிப்பீடுகளை அப்படியே விழுங்க வேண்டியதில்லை என்றாலும், மிதமான வேகத்தில் வீசப்படும் அயர்னில் இந்த விதி பெரிதாக எதையும் பறிக்காது என்பது சோதனை வேகத்தைப் பார்த்தாலே விளங்கும். ஆகவே பையில் இடைவெளிகள் குலைந்திருந்தால் அதற்குக் காரணம் வரப்போகும் விதியன்று, கடந்த நாற்பது ஆண்டுகளாக எந்த விதியும் தொடாமல் விட்ட வேறொன்று.

லாஃப்ட் என்பது மட்டையின் முகம் செங்குத்திலிருந்து பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். 1687-இல் கிழவன் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டையின் மலை உச்சியில் இருக்கும் பீரங்கியை இயக்கியவர்களுக்கு, ஒரே அளவு வெடிமருந்தில் ஒரே குண்டை வெவ்வேறு தொலைவில் விழச்செய்யக் குழலின் சாய்வை மாற்றினால் போதும் என்பது தெரிந்திருக்கும். கோல்ஃப் பையும் அந்தக் கணக்கைத்தான் செய்கிறது, ஆனால் ஒரு வேறுபாட்டுடன். சாய்ந்த முகம் பந்தை மேலே அனுப்புவதோடு பின்னோக்கிச் சுழலவும் வைக்கிறது, அந்தச் சுழற்சி காற்றில் பந்தைத் தூக்கிப் பிடிக்கிறது. எனவே அடுத்தடுத்த அயர்ன்களுக்கிடையே ஏறத்தாழ 4 பாகை லாஃப்டும் அரை அங்குல நீளமும் மாறிக்கொண்டே போனால், தொலைவும் படிப்படியாக இறங்கும். பெண்கள் தொழில்முறைச் சுற்றான எல்பிஜிஏவில் டிராக்மேன் கருவி பதிவுசெய்து வெளியிட்ட பழைய சராசரிகளில் ஏழாம் எண் அயர்ன் 141 கெஜம், எட்டு 130, ஒன்பது 119, பிட்சிங் வெட்ஜ் 107. இவை பந்து காற்றில் பறந்து முதலில் தரைதொடும் தொலைவு, உருண்டு சேர்ந்தது கணக்கில் இல்லை. பதினொன்று, பதினொன்று, பன்னிரண்டு என்னும் இந்த ஒழுங்குதான் எல்லோரும் தேடுவது.

இந்த ஒழுங்கு குலைவதற்கான வழி, மட்டையின் அடியில் பொறித்திருக்கும் எண்ணிலேயே தொடங்குகிறது. பந்தின் எடை, தலையின் கனஅளவு, முகத்தின் துள்ளல், வரிப்பள்ளங்களின் கூர்மை என்று அளக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் எல்லை வகுத்த விதிநூல், ஏழு என்ற எண்ணுக்கு எத்தனை பாகை இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. 1970-களில் ஏழாம் எண் அயர்ன் சுமார் 38 பாகையிலும் ஐந்தாம் எண் சுமார் 30 பாகையிலும் இருந்தன. இன்று பொதுச்சந்தைக்கென வார்க்கப்படும் தொகுப்புகளில் ஏழாம் எண்ணே 28 முதல் 30 பாகைக்குள் வந்துவிட்டது, தண்டும் நீண்டுவிட்டது. விளம்பரத்தில் ‘தொலைவு அயர்ன்’ எனப்படுவதை நேரிய மொழியில் வரையறுத்தால், பழைய ஐந்தாம் எண்ணின் கோணத்தில் ஏழு என்று பொறித்த மட்டை எனலாம். கடையில் ஏழாம் எண்ணை வீசிப் பார்த்து, பழையதைவிட 15 கெஜம் கூடுதல் என்று மகிழ்ந்து பணம் கட்டுபவர் பெரும்பாலும் வாங்குவது ஒரு ஐந்தாம் எண் அயர்னைத்தான்.

உற்பத்தியாளர்களுக்கு இதில் ஒரு பதில் உண்டு, அது பாதி உண்மையும்கூட: தலையின் எடையை முகத்துக்குக் கீழேயும் பின்னேயும் தள்ளி, முகத்தை மெலிதாக்கினால் பந்து இயல்பாகவே உயரமாகக் கிளம்புகிறது, அப்போது கோணத்தைக் குறைக்காவிட்டால் பந்து வானத்தில் தொங்கும் என்பார்கள். கிளம்பும் கோணம் பழையதுபோலவே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் லாஃப்ட் குறையும்போது குறைவது சுழற்சி, சுழற்சி குறைந்த பந்து கிரீனில் விழுந்தபின் நிற்காமல் ஓடுகிறது, அந்த ஓட்டத்தைப் பற்றி விளம்பரப் பலகை எதுவும் சொல்வதில்லை.

இதைவிடத் தொந்தரவு தருவது தொகுப்பின் கணக்கு. 1930-களில் சிலர் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைக் கேடியின் தோளில் ஏற்றியதால், யுஎஸ்ஜிஏ 1938-இலும் ஆர் அண்ட் ஏ அதற்கடுத்த ஆண்டிலும் பதினான்கு என்ற வரம்பைக் கொண்டுவந்தன. பழைய பையில் டிரைவர், இரண்டு வுட், மூன்று முதல் ஒன்பது வரை ஏழு அயர்ன், 50 பாகை அளவில் பிட்சிங் வெட்ஜ், 56-இல் சேண்ட் வெட்ஜ், பட்டர் எனப் பதின்மூன்றில் முடிந்து ஓரிடம் மிஞ்சியது. இப்போது பிட்சிங் வெட்ஜ் 43 பாகைக்கு இறங்கிவிட்டது, ஆனால் மணலிலிருந்து பந்தை எடுக்க வேண்டிய சேண்ட் வெட்ஜ் 56-ஐ விட்டு நகர முடியாது. இரண்டுக்கும் நடுவே 13 பாகை, அதாவது மூன்று மட்டை அளவுப் பள்ளம். அதை அடைக்க 48, 52 என வெட்ஜ்கள் தனியாக விற்கப்படுகின்றன. பள்ளத்தைத் தோண்டியவர்களே மண்ணையும் விற்கிறார்கள். மறுமுனையிலோ, புதுத் தொகுப்பின் ஐந்தாம் எண் பழைய மூன்றாம் எண்ணின் கோணத்திலும் நான்காம் எண் பழைய இரண்டாம் எண்ணின் கோணத்திலும் நிற்கின்றன. மெதுவாக வீசுபவர் கையில் இவ்வளவு தட்டையான முகம் பந்தை எழுப்பாது என்பதால், நான்கும் ஐந்தும் ஒரே இடத்தில் போடும், ஒரு மட்டை வெறும் சுமையாகும். அந்த நான்கை எடுத்துவிட்டு ஒரு ஹைபிரிட் வைப்பதும், கீழே இரண்டு வெட்ஜ் சேர்ப்பதும்தான் பெரும்பாலோருக்குச் செலவு குறைந்த வழி.

வளைப்பது அதற்கடுத்த வழி. பட்டறைக் கருவியில் தலையை இறுக்கிக் கழுத்தை நெம்பினால் லாஃப்ட் மாறும், ஒரு பாகைக்கு 2 முதல் 3 கெஜம் வரை தொலைவும் மாறும். அடித்து உருவாக்கிய மென்கார்பன் எஃகு இதற்கு இணங்கும், வார்த்த கடின எஃகு இரண்டு பாகைக்கு மேல் போனால் விரிசல் விடக்கூடும். ஆனால் கோணத்தோடு சேர்ந்து அடிப்பாகமும் திரும்புகிறது. பவுன்ஸ் எனப்படுவது, மட்டை தரையில் அமரும்போது அதன் முன்விளிம்பைவிடப் பின்பகுதி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்னும் கோணம், மட்டை மண்ணுக்குள் புதையாமல் வழுக்கிச் செல்வது அதனால்தான்; 12 பாகை பவுன்ஸ் உள்ள 56 பாகை வெட்ஜை 54-க்கு நிமிர்த்தினால் பவுன்ஸ் 10 ஆகிவிடும், இடைவெளி நேரான அதே வெட்ஜ் பொலபொலப்பான மணலில் எளிதில் புதையும். எனவே, பிட்சிங் வெட்ஜை ஓரிரு பாகை தளர்த்தி 45-க்குக் கொண்டுவருவது சேண்ட் வெட்ஜை நிமிர்த்துவதைவிடப் பாதுகாப்பானது, தளர்த்தும்போது பவுன்ஸ் கூடும் என்பதால் புதைவதற்கான இடமில்லை. எதை வளைப்பதற்கு முன்பும், ஒவ்வொரு மட்டையிலும் பத்துப் பந்து அடித்து, தவறியவற்றை நீக்கி, பறக்கும் தொலைவின் சராசரியைக் காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். பொறித்த லாஃப்டும் உண்மை லாஃப்டும் ஒரு பாகை விலகியிருப்பது தொழிற்சாலையிலிருந்து வந்த புது மட்டையிலும் காணக்கூடியதே.

திருமயம் பக்கத்திலிருந்து கொடைக்கானல் ஏறுபவர்களின் ஐயம் வேறு. 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆயிரம் அடிக்கு 1.16 விழுக்காடு என்னும் வழக்கமான கணக்கின்படி பந்து 8 விழுக்காடு கூடுதலாகப் பறக்கும், சமவெளியில் 140 கெஜம் போகும் மட்டை அங்கே 151 போகும். எல்லா மட்டையும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் நீள்வதால் 11 கெஜ இடைவெளி 12 ஆவதோடு சரி. மலைக்கென்று வளைப்பது வீண்.

எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள்:

சுற்றின் நடுவே டிரைவரின் கழுத்துத் திருகைத் திருப்பி லாஃப்டை மாற்றலாமா? கூடாது, சுற்று தொடங்குமுன் மட்டும்.

பதினைந்தாவது மட்டை பையில் இருந்தால்? ஸ்ட்ரோக் ஆட்டத்தில் குழிக்கு இரண்டு தண்டனை அடி, சுற்றுக்கு அதிகபட்சம் நான்கு.

பட்டருக்கு லாஃப்ட் உண்டா? உண்டு, 3 அல்லது 4 பாகை.

பழைய தொகுப்பை விற்றுவிடலாமா? இடைவெளிகள் சரியாக இருந்தால் வேண்டாம்.

2030-க்குப் பிறகு கையிருப்பிலுள்ள பழைய பந்துகள்? நண்பர்களோடு ஆடும்போது யாரும் கேட்கப்போவதில்லை; விதிப்படி நடக்கும் போட்டிக்கு, புதிய சோதனையில் தேறாதவற்றை எடுத்துப்போக முடியாது.