செந்நீரைப் பிரிக்கும் இயந்திரமும் செவிலியரும்

கணியம்பாடி பஸ் நிறுத்தத்தில் காலை வேளையில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வேலூர்ப் பஸ்ஸுக்குக் காத்திருப்போரில் யாராவது ஒருவர் கையில் எக்ஸ்ரே உறையோ மருந்துச் சீட்டோ இருக்கும். அமிர்திப் பக்கம் ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து இறங்கி வருவோரும் அவர்களுள் உண்டு. அப்படிப் போகிற ஒரு குடும்பத்திடம் ஆஸ்பத்திரியில், "பிள்ளைக்குத் தட்டணு ஏற்ற வேண்டும், இரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வாருங்கள்" என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? தட்டணு என்றால் என்ன, அதை எப்படி எடுக்கிறார்கள், எடுப்பவர்களுக்கு எப்படிப் பயிற்சி தருகிறார்கள் என்பதைப் பற்றி இம்மலரில் எழுத முற்பட்டோம். நம் பள்ளியில் படித்து நர்ஸ் வேலைக்குப் போக விரும்பும் பெண்கள் பலர் இருப்பதால், இது நம் வீட்டுச் செய்திதான்.

நம் இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என மூவகை அணுக்கள் பிளாஸ்மா என்னும் மஞ்சள் நிற நீரில் மிதக்கின்றன. காயம் பட்ட இடத்தில் முதலில் ஓடி வந்து அடைத்துக்கொள்பவை தட்டணுக்கள். இவற்றைப் பிளேட்லெட் என்றே பலரும் சொல்கிறார்கள். நலமுள்ள ஒருவருக்கு ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் இருக்கும். இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் குழந்தைக்கு இது பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. அப்போது காயமே இல்லாமல் மூளையிலும் குடலிலும் இரத்தம் கசியக் கூடும். (டெங்குக் காய்ச்சலிலும் எண்ணிக்கை குறையும். ஆனால் குறைந்த எல்லோருக்கும் தட்டணு ஏற்ற வேண்டியதில்லை. இரத்தக் கசிவு உண்டா, எண்ணிக்கை எவ்வளவு இறங்கியது என்று பார்த்து மருத்துவரே முடிவு செய்வார். பெற்றோர் இதை நினைவில் வைத்தால் வீண் அலைச்சல் மிச்சமாகும்.)

வழக்கமான இரத்த தானத்தில் ஒரு பை இரத்தம் எடுத்து, பிறகு அதிலிருந்து தட்டணுவைப் பிரிக்கிறார்கள். பெரிய ஆள் ஒருவருக்குப் போதுமான தட்டணு வேண்டுமானால் இப்படி ஏறக்குறைய ஆறு பேருடைய பைகளைச் சேர்க்க வேண்டும். மலையிலிருந்து தாயும் தகப்பனுமாக வந்து நிற்பவர்கள் ஆறு பேருக்கு எங்கே போவது? அதே அளவை ஒரே ஆளிடமிருந்து எடுக்கும் முறைக்குத்தான் அஃபெரெசிஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் 'எடுத்துவிடுதல்' என்று பொருள்.

மலையில் சாமை புடைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முறத்தை ஒரு தட்டுத் தட்டினால் உமி முன்னே பறக்கும், மணி பின்னே தங்கும். எடை வேறுபாட்டால் பிரிவதுதான் இங்கேயும் நடக்கிறது. கொடையாளியின் கையிலிருந்து இரத்தம் மெல்லிய குழாய் வழியே வேகமாகச் சுழலும் கிண்ணத்துக்குள் போகிறது. கனமான சிவப்பணுக்கள் வெளி ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன, இலேசான பிளாஸ்மா உள்ளே நிற்கிறது, இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஏடு போலத் தட்டணுவும் வெள்ளையணுவும் சேருகின்றன. வேண்டியது தட்டணு மட்டும். அதைச் சிறிது பிளாஸ்மாவுடன் பையில் சேர்த்துக்கொண்டு, மற்றவற்றை இயந்திரம் அவருடைய உடம்புக்கே திருப்பிவிடுகிறது. முடிய ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். கொடுத்த தட்டணு சில நாட்களில் மீண்டும் ஊறிவிடும்.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1914-இல் அமெரிக்காவில் ஏபெல், ரவுண்ட்ரீ, டர்னர் என்னும் மூவர் நாய்களின் இரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவை நீக்கி, அணுக்களைத் திருப்பிச் செலுத்திக் காட்டினார்கள். கையாலேயே செய்த வேலை அது. இயந்திரமாக்கியவர்களில் ஒருவர் மருத்துவரே அல்லர். 1960-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஜட்சன் என்னும் ஐ.பி.எம். பொறியாளரின் மகனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. பிள்ளைக்குச் சிகிச்சை நடந்த இடத்தில் இரத்தம் பிரிக்கப் பட்ட பாட்டைக் கண்ட அந்தத் தகப்பன், இதைவிட நன்றாகச் செய்ய முடியுமே என்று எண்ணி, டாக்டர் எமில் ஃபிரைரைக் என்பவரோடு சேர்ந்து ஓயாமல் சுழன்று பிரிக்கும் கருவியை உருவாக்கினார். இன்று உலகெங்கும் ஓடுகிற கருவிகள் பல அந்த வழியில் வந்தவையே.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். வேலூரில் டாக்டர் இடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கியதே இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. 1909-இல் அங்கே நர்ஸ் பயிற்சிப் பள்ளியும் தொடங்கிற்று. 1946-இல் அது பட்டப் படிப்பு தரும் கல்லூரியாயிற்று. பெண்கள் வீட்டைவிட்டு வெளியே போய்ப் படிப்பதையே பலர் ஒப்பாத காலத்தில் அங்கே போன பெண்களை நினைத்தால் வியப்பாயிருக்கிறது. 1986-இல் அங்கே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. அம்மருத்துவமனையின் சமுதாய மருத்துவத் துறை பல்லாண்டுகளாக நம் கணியம்பாடி ஒன்றியத்தின் ஊர்களுக்கே வந்து பணி செய்கிறது. ஆகவே நர்ஸ் என்பவரை நாம் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் மட்டும் பார்த்தவர்கள் அல்லர், தெருவிலும் திண்ணையிலும் பார்த்தவர்கள்.

மஜ்ஜை மாற்று நடக்கும் இடத்தில் அஃபெரெசிஸ் இல்லாமல் முடியாது. தட்டணு வேண்டும், இரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களையும் இதே முறையில் கொடையாளியிடமிருந்து சேகரிக்க வேண்டும். மூல அணுச் சேகரிப்பில் நான்கைந்து நாட்கள் முன்கூட்டியே ஊசி போட்டு அணுக்களை மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்கு வரவழைத்துவிட்டு, பல மணி நேரம் இயந்திரத்தோடு இணைத்து வைப்பார்கள். வேறொரு பக்கத்தில் பிளாஸ்மா மாற்று நடக்கிறது. கில்லன் பாரே என்னும் வாத நோயில் நரம்பைத் தாக்கும் பொருள் பிளாஸ்மாவில் இருப்பதால் அதை நீக்கி, அல்புமின் போன்ற மாற்றுத் திரவத்தை ஈடாக ஏற்றுகிறார்கள். எலி மருந்தின் நஞ்சால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் பிளாஸ்மா மாற்றைப் பயன்படுத்தி வேலூர் மருத்துவர்கள் பலன் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி மருத்துவ அதிகாரியின் மேற்பார்வையில்தான் இது நடக்க வேண்டும். ஆனால் ஒன்றரை மணி நேரமும் கண்ணை எடுக்காமல் இருப்பவர் நர்ஸோ டெக்னீஷியனோதான். புதிதாக வந்தவரை முதல் நாளே ஊசி குத்த விடமாட்டார்கள். முதலில் பக்கத்தில் நின்று பார்ப்பார். பிறகு ஆள் இல்லாமலே குழாய்த் தொகுதியை இயந்திரத்தில் மாட்டிப் பழகுவார். ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் தொகுதி அது. எந்தக் குழாய் எங்கே, எந்தக் கிளிப் மூடியிருக்க வேண்டும் என்று கை அறிய வேண்டும். பின்னர் அனுபவசாலி ஒருவர் பக்கத்திலிருக்கச் செய்து காட்டி, அவர் கையொப்பமிட்ட பிறகே தனியே செய்யலாம். இடையிடையே மறுபடி சோதிப்பதும் உண்டு. சலிப்பான படிப்பு என்றுதான் தோன்றும். ஆனாலும் குழாயில் காற்றுக் குமிழி புகுந்தாலோ, மஞ்சளாக வர வேண்டிய பிளாஸ்மா இளஞ்சிவப்பாக வந்தாலோ, அந்த நொடியில் நிறுத்தத் தெரிந்த கைகள் இப்படித்தான் உருவாகின்றன. இளஞ்சிவப்பு என்றால் சிவப்பணு உடைகிறது, அல்லது பிரிப்பு சரியில்லை என்று பொருள்.

எண்ணும் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். உடம்பில் கிலோவுக்குச் சுமார் 70 மில்லி லிட்டர் இரத்தம் என்று கொண்டால், 50 கிலோ எடையுள்ளவருக்கு மூன்றரை லிட்டர் இருக்கும். அதில் எவ்வளவு ஒரே நேரத்தில் குழாயிலும் கிண்ணத்திலும் வெளியே நிற்கிறது என்று நர்ஸ் கணக்கிட வேண்டும். நோயாளி சிறு குழந்தையானால் இது பெரிய விஷயம். வெளியே நிற்கும் அளவு கூடிப்போனால் மயக்கம் வரும். அதனால் சில வேளைகளில் இயந்திரக் குழாயை முன்கூட்டியே இரத்தத்தால் நிரப்பிவிட்டுத் தொடங்குவார்கள். நம் பெண்கள், "கணக்கு எதற்கு உதவப் போகிறது?" என்று கேட்பதுண்டு.

ஆயினும் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். வெளியே வரும் இரத்தம் குழாயில் உறையாமலிருக்கச் சிட்ரேட் என்னும் மருந்தைக் கலக்கிறார்கள். ஏறக்குறையப் பத்துப் பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு. இரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும்; சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரத்தம் திரும்பி உடம்புக்குள் போகும்போது சிட்ரேட்டும் கூடவே போகிறது. கல்லீரல் அதைச் சீக்கிரம் கரைத்துவிடும். ஆனால் திருப்பிவிடும் வேகம் அதிகமானால் உடம்பிலுள்ள கால்சியம் குறைந்து, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்புத் தோன்றும். கவனியாமல் விட்டால் நெஞ்சு அழுத்தம், தசை இழுப்பு என்று முற்றும். தொடக்கத்திலேயே தெரிந்தால் மருந்து எளிது: வேகத்தைக் குறைக்க வேண்டும், கால்சியம் மாத்திரை கொடுக்க வேண்டும். மேலும் தேவையானால் மருத்துவர் சொல்படி ஊசி.

தொடக்கத்தில் தெரிவதுதான் சிக்கல். இயந்திரத்தில் எத்தனையோ மணிகள் அடிக்கும். ஆனால் உதடு மரத்ததற்கு மணி அடிக்காது. ஆளிடம் கேட்க வேண்டும். கேட்டாலும் சொல்வதில்லை. தானம் கொடுக்க வந்த இளைஞன் வீரமாகப் படுத்திருப்பான், ஒன்றுமில்லை என்பான். வயதான அப்பாவோ, "நர்ஸம்மாவைத் தொந்தரவு செய்யக் கூடாது" என்று வாய் திறக்கமாட்டார். 'மரத்துப்போகிறதா?' என்றால் தலையாட்டாதவர், 'உதட்டில் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா, ஐயா?' என்றால் உடனே, 'ஆமாம்மா, கொஞ்ச நேரமாவே இருக்கு' என்று சொல்லிவிடக் கூடும். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகளும் அவர்களோடு கொடையாளிகளும் வந்து குவியும் வேலூரில், புதிய நர்ஸ் இந்த ஒரு கேள்வியையாவது பல மொழிகளில் கேட்கத் தெரிந்துகொள்வது நல்லது. கேட்கும்போதே முகத்தையும் பார்க்க வேண்டும்: முகம் வெளுக்கிறதா, கொட்டாவி வருகிறதா, நெற்றியில் வியர்வை பூக்கிறதா? மணி அடித்தால் முதலில் ஆளைப் பார், பிறகு இயந்திரத்தைப் பார் என்பது இவ்வேலையில் புதியவர்களுக்குச் சொல்லித் தரும் பாடம். கை ஊசியும் அப்படியே. சாதாரண ஊசியைவிடப் பருத்த ஊசி அது. இரத்தம் திரும்பும் வேளையில் குத்திய இடம் புடைத்தால் தோலுக்கடியில் கசிகிறது என்று உடனே நிறுத்த வேண்டும்.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. வார்டில் படுத்திருப்பவர் நோயாளி. இந்தச் சாய்நாற்காலியில் இருப்பவர் நோயாளி அல்லர். நலமாக நடந்து வந்தவர், நலமாக நடந்து போக வேண்டியவர். ஊருக்குத் திரும்பி, "அங்கே போனேன், பாதியில் மயங்கி விழுந்தேன், ஒருத்தரும் கேட்கவில்லை" என்று அவர் டீக்கடையில் சொன்னால் அந்த ஊரிலிருந்து அடுத்த கொடையாளி வருவாரா?

யார் கொடுக்கலாம் என்று பெற்றோர் கேட்பார்கள். 18 முதல் 60 வயது வரை, எடை 50 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 கிராமும் தட்டணு எண்ணிக்கை ஒன்றரை இலட்சத்துக்கு மேலும் இருக்க வேண்டும். மூன்று நாட்களுக்குள் ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிட்டிருந்தால் கூடாது. அது தட்டணுவின் வேலையைக் கெடுக்கும். முழு இரத்தம் கொடுத்தவர் 28 நாள் பொறுக்க வேண்டும். தட்டணு மட்டும் கொடுத்தவர் 48 மணி நேரம் கழித்து மீண்டும் கொடுக்கலாம். ஆனால் வாரத்தில் இருமுறைக்கு மேலும், ஆண்டில் 24 முறைக்கு மேலும் கூடாது. நம் தாய்மாரில் பலர் ஆசையோடு போய் ஹீமோகுளோபினிலேயே திரும்பிவிடுவார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. முருங்கைக்கீரை வீட்டு வாசலிலேயே நிற்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறி மிஞ்சியதை உண்ணும் வழக்கமும் கூடவே நிற்கிறது.

எடுத்து முடிந்த தட்டணுப் பை வைக்கோல் நிறத்தில் இருக்கும். அதைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. 20 முதல் 24 டிகிரிச் சூட்டில், தொட்டில் போல ஓயாமல் ஆட்டும் தட்டில் வைத்திருப்பார்கள். அப்படியும் ஐந்து நாள்தான் தாங்கும். கொடையாளிக்குப் பழரசம் கொடுத்து, சிறிது நேரம் உட்கார வைத்து, அன்றைக்கு அந்தக் கையால் பளு தூக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவார் நர்ஸ். பிறகு நேரம், அளவு, நாடி, இரத்த அழுத்தம், குழாய்த் தொகுதியின் எண் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிவிட்டு, கை கழுவி, அடுத்தவருக்காகப் புதிய உறையைப் பிரிப்பார்.