கூம்புக்குள் ஒரு கத்திரி

கல்யாண வீடியோ மூன்று மணி நேரம் ஓடும். தாலி கட்டும் இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும். இதற்குப் போய் யாராவது காசு கொடுத்து எடிட்டிங் மென்பொருள் வாங்குவார்களா? வி.எல்.சி. பிளேயரே போதும்.

சாலையோரத்து ஆரஞ்சுக் கூம்புதான் இதன் சின்னம். பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கிய வேலை. 2001 முதல் கட்டற்ற மென்பொருள். விளம்பரத் தொல்லையும் இல்லை.

பலரும் இதில் படம் பார்ப்பதோடு சரி. 'வியூ' மெனுவில் 'அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்' என்பதைச் சொடுக்கினால் கீழே ஒரு சிவப்புப் பொத்தான் முளைக்கும். வீடியோவை ஓடவிட்டு, மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கும்போது அதை அழுத்த வேண்டும். முடிச்சு விழுந்ததும் மறுபடி ஒரு அழுத்து. வெட்டிய துண்டு, விண்டோஸில் வழக்கமாக 'வீடியோஸ்' ஃபோல்டரில் தனிக் கோப்பாகப் போய் உட்காரும். மூலப் பதிவுக்குச் சேதமில்லை.

குறையும் உண்டு. இரண்டு நிமிடத் துண்டுக்கு இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். வெட்டும் நூல் பிடித்தாற்போல் விழாது. வீடியோவில் முழுப் படம் அவ்வப்போதுதான் வரும். இடையில் இருப்பவை மாற்றங்களை மட்டுமே சுமக்கும். அதனால் தொடக்கம் சற்றுத் தடுமாறலாம். ஐந்து நொடி முன்னதாகவே அழுத்திவிடுவது நல்லது.

வி.எல்.சி.யை இறக்குவதானால், அதை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள், போலிகள் உலவுகின்றன.