ஆல், எனி (பைத்தான் செயற்கூறுகள்)

ஆல், எனி என்பன பைத்தான் நிரல்மொழியில் உள்ளிணைந்த இரு தருக்கச் செயற்கூறுகள் ஆகும். இவை 2006 செப்டம்பரில் வெளியான பைத்தான் 2.5 பதிப்பில் சேர்க்கப்பட்டன. பட்டியல், கணம், அகராதி முதலிய தொகுப்புகளில் ஒன்றை ஏற்று, உண்மை அல்லது பொய் என்ற ஒரே மதிப்பை இவை திருப்பித் தரும். எல்லா உறுப்புகளும் உண்மையாயின் ஆல் உண்மையைத் தரும். ஓர் உறுப்பேனும் உண்மையாயின் எனி உண்மையைத் தரும்.

உறுப்புகளின் வாய்மை

சுழியம், வெற்றுச் சரம், வெற்றுத் தொகுப்பு ஆகியன பொய்யாகக் கொள்ளப்படும். ஆனால் மேற்கோள் குறிகளுக்குள் அமைந்த "0" ஓர் எழுத்துடைய சரம் என்பதால் அது உண்மையாகும். உரைக்கோப்பிலிருந்து படிக்கப்படும் எண்கள் சரங்களாகவே வருவதால், அவற்றை முதலில் எண்களாக மாற்றுதல் வேண்டும். அகராதியைக் கொடுத்தால் அதன் திறவுகள் மட்டுமே சோதிக்கப்படும், மதிப்புகள் சோதிக்கப்படா.

இடையில் நிறுத்தல்

விடை உறுதியானவுடன் இவை நின்றுவிடும். ஆல் முதல் பொய்யிலும், எனி முதல் உண்மையிலும் நின்று, எஞ்சிய உறுப்புகளைப் பார்ப்பதில்லை. ஆகவே நீண்ட தொகுப்புகளில் நேரம் மிச்சமாகும்.

வெற்றுத் தொகுப்பு

உறுப்புகளே இல்லாத தொகுப்புக்கு எனி பொய்யையும், ஆல் உண்மையையும் தரும். பொய்யான உறுப்பு எதுவும் காணப்படவில்லை என்பதே ஆல் தரும் விடையின் பொருள். இது தருக்கவியலில் வெற்று உண்மை எனப்படும். இரு பட்டியல்களை இணைத்துச் சோதித்தாலும், தனித்தனியே சோதித்து 'மற்றும்' என்று சேர்த்தாலும் ஒரே விடை கிடைக்க வேண்டுமாயின், வெற்றுப் பட்டியலுக்கு உண்மை என்ற விடையே பொருந்தும். வெற்றுப் பட்டியலின் கூட்டுத்தொகை 0 எனக் கொள்ளப்படுவதும் இதனை ஒத்ததே.

எடுத்துக்காட்டு

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில், ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் சேலைகளின் தர ஆய்வு முடிவுகளைப் பட்டியலாக வைத்துள்ளதாகக் கொள்வோம். நான்கு சேலைகளுள் ஒன்று தேறாவிடில் ஆல் பொய்யைத் தரும். எனி உண்மையைத் தரும். ஆய்வே தொடங்காத நாளில் பட்டியல் வெறுமையாக இருக்கும். அன்று ஆல் உண்மையைத் தருவதால், ஒரு சேலையும் பார்க்கப்படாமலே 'அனைத்தும் தேறின' என்று நிரல் அறிவித்துவிடும். பட்டியலின் நீளம் சுழியத்தைவிட மிகுதியா என்று முதலில் சோதித்து, அதன்பின் ஆல் செயற்கூற்றை அழைத்தால் இப்பிழை நேராது.