போலிப் போலீஸாரும் நம் சேமிப்பும்

சென்ற மஞ்சள் பருவம் முடிந்த சமயத்தில், ஈரோட்டுப் பக்கத்து அங்கத்தினர் ஒருவருக்குக் காலை வேளையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தம் பெயரை வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால் ஊரையும் நாம் குறிப்பிடவில்லை. அவருடைய ஆதார் எண்ணைக் காட்டி வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட பார்சல் ஒன்று மும்பையில் பிடிபட்டது என்றும், அதில் போதைப்பொருள் இருந்தது என்றும், மும்பைப் போலீஸாரிடமே இணைப்புக் கொடுப்பதாகவும் ஒரு குரல் சொல்லிற்று. அடுத்த நிமிஷம் வாட்ஸப்பில் காணொளி அழைப்பு. காக்கி உடுப்பு, தோளில் நட்சத்திரங்கள், பின்சுவரில் காவல் துறைச் சின்னம், மேஜை மேல் கோப்புகள், ஒன்றும் குறைவில்லை.

“நீர் இப்போது டிஜிட்டல் கைதில் இருக்கிறீர். காமிராவை விட்டு நகரக்கூடாது. வீட்டாரிடம் சொன்னால் அவர்களும் குற்றவாளிகள்” என்று உத்தரவாயிற்று. அவருடைய மனைவியார் அடுத்த அறையில் தறியில் உட்கார்ந்திருந்தார். நாடா ஓடும் சப்தம் சுவருக்கு இப்பால் கேட்டுக்கொண்டேயிருந்தது. எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்ல நம் அங்கத்தினருக்குத் துணிவு வரவில்லை. ரிசர்வ் வங்கி கணக்கைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரும் என்ற உறுதிமொழியின் பேரில், நண்பகலுக்குள் எண்பதினாயிரம் ரூபாய் கைப்பேசி வழியாகவே போய்விட்டது.

அதன் பிறகு, மஞ்சள் விற்ற பணம் ஆறு லட்சத்தையும் வைப்பிலிருந்து எடுத்து அனுப்பும்படி கட்டளை பிறந்தது. அழைப்பைத் துண்டிக்காமலே கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூட்டுறவு வங்கிக்கு வந்தார். கவுண்ட்டரில் இருந்த பெண்மணி, “ஏனுங்க அண்ணா, வைப்பு முதிர இன்னும் நாலு மாசம் இருக்குதுங்களே, இப்ப என்னங்க அவசரம்?” என்று கேட்டிருக்கிறார். இவர் வாய் திறக்கவில்லை. சட்டைப் பையை மட்டும் கையால் காட்டினார். அந்த அம்மையார் குறிப்பறிந்து, கைப்பேசியை வாங்கி அழைப்பைத் துண்டித்துவிட்டு, அங்கேயே 1930 என்ற எண்ணைச் சுழற்றினார். ஆறு லட்சம் பிழைத்தது. எண்பதினாயிரத்தில் ஐம்பத்திரண்டாயிரம் வழியில் ஒரு கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. மீதி போனது போனதுதான்.

படிப்பறிவு குறைந்தவர்களே இப்படி ஏமாறுவார்கள் என்று சிலர் நினைக்கலாம். நூற்பாலைத் தொழிலில் பெரும் பெயர் பெற்ற லூதியானா வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் அவர்கள், 2024 ஆகஸ்டில் இதே வலையில் சிக்கி 7 கோடி ரூபாய் இழந்தார். மத்தியப் புலனாய்வுத் துறையினர் என்று சொல்லிக்கொண்டவர்கள், உச்ச நீதிமன்ற விசாரணை என்றே ஒரு நாடகத்தைக் காணொளியில் நடத்திக் காட்டினார்கள். அவர் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் புகார் செய்தார். பஞ்சாப் போலீஸார் சுமார் 5 கோடியே 25 லட்சத்தை மீட்டனர். அவ்வாண்டின் முதல் நான்கு மாதங்களில் மட்டும் நாட்டு மக்கள் இவ்வகை மோசடியில் 120 கோடி ரூபாய்க்கு மேல் இழந்தார்கள் என்பது சர்க்கார் தரும் கணக்கு.

நிற்க. சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். டிஜிட்டல் கைது என்ற ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் எங்குமே கிடையாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரோ சாட்சிக் கையொப்பமிடச் செய்ய வேண்டும். உறவினர்க்கோ நண்பர்க்கோ தகவல் தெரிவிக்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே உள்ள பாதுகாப்பு. அங்கத்தினர்கள் இதை நன்கு கவனிக்க வேண்டும். உண்மையான போலீஸார் உங்கள் வீட்டாருக்குச் சொல்லியாக வேண்டுமென்று சட்டம் கட்டளையிடுகிறது. வீட்டாருக்குச் சொல்லாதே என்பவன் எந்த உடுப்பை அணிந்திருந்தாலும் திருடனே. மற்ற அடையாளங்கள் எல்லாம் நாளுக்கு நாள் மாறக்கூடும். இந்த ஓர் அடையாளத்தை அவர்களால் விடமுடியாது. ஏனெனில் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் வியாபாரம் அதோடு முடிந்தது.

அதற்காக, போலீஸார் தொலைபேசியில் கூப்பிடுவதே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. ஒரு வழக்கின் பொருட்டு நிலையத்துக்கு வரும்படி உண்மையான இன்ஸ்பெக்டர் அழைக்கலாம். அப்போது பெயரையும் நிலையத்தையும் கேட்டுக்கொண்டு தொலைபேசியை வைத்துவிட வேண்டும். அந்நிலையத்தின் எண்ணை நாமே விசாரித்து, நாமே திரும்பக் கூப்பிட்டால் உண்மை விளங்கும். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் 35ஆம் பிரிவு அறிவிப்பை வாட்ஸப் முதலியவற்றின் வழியாக அனுப்பலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஆதலால் அரசு முத்திரையோடு வாட்ஸப்பில் வரும் வாரண்டைக் கண்டு நடுங்க வேண்டுவதில்லை. போலீஸ் படத்தை முகப்பில் வைத்திருப்பவரின் எண் 91 என்று தொடங்காமல் 92 என்றோ வேறு அயல்நாட்டு எண்ணாகவோ இருப்பின் சொல்ல வேண்டியதே இல்லை.

பேசுபவன் தமிழிலேயே பேசுகிறானே என்று மயங்கவும் வேண்டாம். கம்போடியா, மியான்மர், லாவோஸ் நாடுகளில் இதற்கென்றே கட்டிய வளாகங்கள் உண்டு. கணினி வேலை என்று நம்பிப் போய், அங்கே அடைபட்டு, மோசடி செய்ய நிர்ப்பந்திக்கப்பட்டு, பின்னர் மீட்கப்பட்ட தமிழ் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் கோபத்தைவிட வருத்தமே மிகுகிறது.

இன்னொரு வகை குறுஞ்செய்தியாக வருகிறது. உங்கள் வண்டிக்குப் போக்குவரத்து அபராதம் விதிக்கப்பட்டுள்ளது என்று கூறி, கூடவே ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். அதைத் தொட்டு நிறுவினால், வங்கியிலிருந்து வரும் ரகசிய எண்களைத் திருடன் அங்கிருந்தே படித்துவிடுவான். அபராதம் உண்மையா என்பதைப் பரிவாகன் என்னும் அரசுத் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து நாமே பார்த்துக்கொள்ளலாம்.

இனி, புகார் செய்யும் முறை. பணம் போயிருந்தால் முதல் வேலை 1930. திருடிய பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. சில மணி நேரத்தில் பல கணக்குகளுக்குச் சிதறி, கடைசியில் ரொக்கமாக எடுக்கப்பட்டுவிடும். புகார் பதிவானதும் அந்தந்த வங்கிக்குத் தகவல் போய், பணம் எங்கே நிற்கிறதோ அங்கேயே முடக்கப்படுகிறது. மறுநாள் பார்க்கலாம் என்று இருந்தால் முடக்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. வங்கியின் பெயர், கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுக. பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளத்திலும் விவரங்களைப் பதிவு செய்யலாம். எழுதத் தெரியாதவர்கள் எந்தக் காவல் நிலையத்திலும், மாவட்டத்து சைபர் குற்றப் பிரிவிலும் நேரில் புகார் கொடுக்கலாம். வந்த செய்திகளை வெறுப்பினால் அழித்துவிட வேண்டாம், அவையே சாட்சியம். பணம் போகாமல் அழைப்பு மட்டும் வந்திருந்தால், சஞ்சார் சாத்தி தளத்திலுள்ள சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைத் தெரிவிக்கலாம்.

நம் நெசவாளர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கூலிக் கணக்குப் புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் சில நாள் கொடுத்தால் ஐயாயிரம், பத்தாயிரம் தருகிறோம் என்று தரகர்கள் தறிக்காரர் தெருக்களில் வருவதாகக் கேள்விப்படுகிறோம். திருட்டுப் பணம் சிதறி ஓடுவது இத்தகைய கணக்குகளின் வழியாகத்தான். கொடுத்தவர் வீட்டுக்கு வரப்போகிறவர்கள் உண்மையான போலீஸார். கணக்கும் முடங்கும், அதிலுள்ள கூலியும் முடங்கும்.

மேலே சொன்ன ஐம்பத்திரண்டாயிரம் அங்கத்தினர் கைக்கு வர நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாய்தாவுக்குக் கணவனும் மனைவியுமாகவே போகப்போகிறார்கள்.