நுழைவனுமதியும் நோயாளியின் உரிமையும்

திருகோணமலைத் துறைமுகத்திற்கு வரும் வெளிநாட்டுக் கப்பல் மஞ்சள் கொடியை ஏற்றியிருப்பின், கப்பலில் உள்ளோர் நலமாயுள்ளனர், சுகாதார அனுமதி வேண்டும் என்பதே அதன் பொருளாகும். துறைமுக சுகாதார அதிகாரிகள் அனுமதித்த பின்னரே ஆட்கள் கரையிறங்கலாம். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இதற்கு அடிப்படையாக உள்ளது. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் வெளிநாட்டவரின் நுழைவை மறுக்கத்தக்க காரணங்களுள் மருத்துவக் காரணத்தையும் சேர்த்துள்ளது.

ஆனால், இம்மாவட்டத்து மக்கள் வாயிலின் மறுபுறத்திலும் நிற்கின்றனர். மூதூர், கிண்ணியா போன்ற பிரதேசங்களிலிருந்து தமிழரும் முஸ்லிம்களும் தொழில் தேடி வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். அங்கே மருத்துவப் பரிசோதனையின் முடிவே அவர்களது குடும்பத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றது.

இதில் சர்வதேச விதி யாது? 2007ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் சாதாரண பயணியையும் வதிவிட அனுமதி கோருபவரையும் வேறுபடுத்துகின்றன. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் போன்ற சில தேவைகள் தவிர, முன்னவரிடம் பொதுவாக மருத்துவப் பரிசோதனையை நுழைவுக்கான நிபந்தனையாக்க முடியாது. பின்னவரிடம் அதனைக் கோரலாம். எனினும், இருவரையும் கண்ணியத்துடன் நடத்துவதும், அவர்களது மருத்துவத் தகவல்களின் இரகசியத்தைப் பேணுவதும் அரசுகளின் கடமையாகும்.

வளைகுடா நாடுகளின் நடைமுறை கடுமையானது. எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சி ஆகியவை மட்டுமன்றி, குணமடைந்த காசநோய் நுரையீரலில் விட்டுச்சென்ற தழும்பும் ஒருவரைத் தகுதியற்றவராக்கலாம். தொற்றே அல்லாத கர்ப்பமும் அவ்வாறே கொள்ளப்படுகின்றது. சென்றிறங்கிய பின் நடைபெறும் மறுபரிசோதனையில் தவறுபவர் திருப்பியனுப்பப்படுகின்றார். கடன்பட்டுச் சென்றவர் கடனுடனேயே திரும்புகின்றார்.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. பிரித்தானியாவில் ஆறு மாதங்களுக்கு மேல் தங்க விண்ணப்பிக்கும் இலங்கையருக்குக் காசநோய்ச் சான்றிதழ் அவசியம். நோய் காணப்படின் சிகிச்சையை முடித்துவிட்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம். எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் மீது 1987இல் அமெரிக்கா விதித்த தடை, பொதுச் சுகாதாரத்திற்குப் பயனற்றதென உணரப்பட்டு 2010 ஜனவரியில் நீக்கப்பட்டது. இலங்கையும் வதிவிட வீசா கோருவோருக்கான சுகாதாரப் பரிசோதனையை 2019இல் ஆரம்பித்தது. மலேரியா, யானைக்கால் நோய், காசநோய், எச்.ஐ.வி. ஆகியன அதில் பரிசோதிக்கப்படுகின்றன. நோயைக் கண்டறிந்து சிகிச்சைக்கு வழிப்படுத்துவதே அதன் நோக்கம். 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட இலங்கை, அந்நிலையைக் காக்க வந்தவரை விரட்ட வேண்டியதில்லை.

வந்தோருக்குக் காட்டும் இப்பரிவைச் செல்வோருக்கும் பெற்றுக்கொடுப்பது அரசின் பொறுப்பாகும். தொழிலாளர் தொடர்பான இருதரப்பு உடன்படிக்கைகளில் மூன்று விடயங்கள் வலியுறுத்தப்பட வேண்டும். நிராகரிப்பின் காரணம் தொழிலாளிக்கு விளங்கும் மொழியில் எழுத்தில் தரப்படல் வேண்டும். மறுபரிசோதனைக்கு வாய்ப்பளிக்கப்படல் வேண்டும். அவரது நோய் பற்றிய தகவல் முகவரின் வாயிலாக ஊரெங்கும் பரவலாகாது. நிராகரிக்கப்பட்டவரை மாவட்டத்திலுள்ள மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்திற்கோ வேறு உரிய அரச சிகிச்சை நிலையத்திற்கோ உடனடியாக வழிப்படுத்துவதும் அவசியம். காசநோய்க்கு இங்கே சிகிச்சை இலவசம். 'தகுதியற்றவர்' என்ற ஒற்றைச் சொல்லுடன் வீடு திரும்புபவர் வெட்கத்தினால் நோயை மறைப்பாராயின், பாதிப்பு அவரது குடும்பத்தையும் அயலவரையுமே முதலில் சேரும்.