வாகன ஓட்ட வீடியோ விளையாட்டுக்கள் எமது பிள்ளைகளுக்கு ஏற்றவையா?

பலெர்மோவில் ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த வேளையில் ஒரு தாயார் எம்மை அணுகி ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகனுக்கு அடுத்த மாதம் பதினான்கு வயது நிறைவடைகின்றது. பிறந்தநாளுக்கென்று அவன் இரண்டு பொருட்களைக் கேட்டிருக்கின்றான். ஒன்று, இரவு வேளையில் நகர வீதிகளில் கார்களைப் பறக்கவிட்டு, துரத்தி வரும் பொலிசாரிடம் அகப்படாமல் தப்பும் வீடியோ விளையாட்டு. மற்றையது, இங்கு எல்லோரும் மோட்டோரீனோ என்றழைக்கும் 50 சி.சி. வண்டி. வண்டிக்குப் பணமில்லை என்று தந்தையார் கூறிவிட்டார். விளையாட்டையாவது வாங்கிக் கொடுக்கலாமா என்பதே தாயாரின் கேள்வி.

"மாஸ்ரர், பெடியன் வெளியிலை சுத்தாமல் வீட்டுக்குள்ளை இருக்கிறானே எண்டு எனக்கு ஒரு நிம்மதி. ஆனால் அதிலை என்ன விளையாடுறான் எண்டு எனக்கு விளங்காது" என்றார் அவர்.

இவ்வார்த்தைகளிலுள்ள நியாயத்தை நாம் மறுப்பதற்கில்லை. எமது மக்களிற் பெரும்பாலானோர் பிறர் வீடுகளில் சமையல், துப்புரவு, முதியோர் பராமரிப்பு ஆகிய வேலைகளைச் செய்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகின்றவர்கள். பலாரோச் சந்தையைச் சூழவுள்ள ஒழுங்கைகளில் மாலை வேளையில் தனித்து நிற்கும் ஒரு சிறுவனை என்னென்ன தேடி வரும் என்பதை அங்கு வசிக்கும் பெற்றாருக்கு நாம் கூறத் தேவையில்லை. அவ்வாறான வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைந்த அந்த இயந்திரம் ஒரு காவற்காரனாகவே இருந்து வருகின்றது.

ஆகவே, "வீடியோ விளையாட்டு கெட்டது, தூக்கி எறியுங்கள்" என்று உபதேசம் செய்வது எமது நோக்கமன்று. எனினும், அத்தாயார் தனித்தனியாகக் கருதிய இரண்டு பொருட்களையும் நாம் ஒன்றாகவே வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. ஏனெனில் இந்த நாட்டில் பதினான்கு வயதிலேயே வீதி ஒரு பிள்ளையின் கைக்கு வந்துவிடுகின்றது.

இரு வகை விளையாட்டுக்கள்

வாகன ஓட்ட விளையாட்டுக்கள் எல்லாம் ஒரே தன்மையின அல்ல. 1982 இல் ஜப்பானிய நிறுவனமான நாம்கோ வெளியிட்ட 'போல் பொசிஷன்', 1997 இல் பிளேஸ்ரேசனுக்காக வெளிவந்த 'கிரான் டுரிஸ்மோ' போன்றவை ஓட்டத் திடலிலே நடப்பவை. அங்கே எதிரே வரும் பஸ் வண்டியில்லை; வீதியைக் கடக்கும் கிழவியில்லை. வளைவில் வேகத்தைக் குறைக்கத் தெரியாதவன் தோற்றுப்போவான்.

மற்றைய வகை நகர வீதியை ஓட்டத் திடலாக்குவது. 1994 இல் தொடங்கிய 'நீட் போர் ஸ்பீட்' வரிசையில் 2003 இல் வந்த 'அண்டர்கிரவுண்ட்' இரவு நேரச் சட்டவிரோத ஓட்டங்களையே கதையாகக் கொண்டது. 2005 இல் வந்த 'மோஸ்ட் வோண்டட்' பொலிசாரிடமிருந்து தப்புவதைத் திறமையாகக் கணித்தது. 2001 இல் வெளிவந்த 'பேர்ண்அவுட்' இன்னும் ஒருபடி மேலே சென்றது. எதிர்த்திசையில் ஓடினாலும், மற்றைய வாகனத்தை மயிரிழையில் உரசாமல் கடந்தாலும் விளையாடுபவனுக்கு மேலதிக வேகம் பரிசாகக் கிடைக்கும். 1997 இன் 'கார்மகெடன்' பாதசாரிகளை மோதுவதையே விளையாட்டாக்கியது. பிரித்தானியத் தணிக்கைச் சபை முதலில் அதற்கு அனுமதி மறுக்கவே, பாதசாரிகளுக்குப் பதிலாகப் பச்சை இரத்தம் சிந்தும் நடைப்பிணங்களை இட்டு அங்கே வெளியிட்டார்கள்.

முதல் வகையில் தவறு செய்தவன் தோற்கின்றான். இரண்டாம் வகையில் தவறு செய்தவனுக்குப் பரிசு கிடைக்கின்றது. எமது விடை முழுவதும் இந்த வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது.

சிசிலி தரும் பாடம்

ஓட்டப் போட்டியில் இளைஞருக்குள்ள மோகம் வீடியோ விளையாட்டோடு பிறந்ததன்று. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மாட்டுவண்டிச் சவாரி என்றால் ஊரே திரண்டு நின்றதை எம் வயதினர் மறக்கமாட்டார்கள். ஆனால் சவாரிக்கென்று ஒரு திடல் இருந்தது. எல்லை இருந்தது. திடலுக்குள் எவரும் குறுக்கே நடப்பதில்லை.

நாம் வாழும் இச்சிசிலியிலும் அவ்வாறான ஒரு பெருமை உண்டு. வின்சென்சோ புளோரியோ என்பவர் 1906 இல் தொடக்கிய 'தார்கா புளோரியோ' என்னும் மோட்டார் ஓட்டம், பலெர்மோவுக்குக் கிழக்கேயுள்ள மதோனியே மலைகளின் பொது வீதிகளில் நடைபெற்றது. பிற்காலத்தில் ஒரு சுற்று 72 கிலோமீற்றர். செர்தா, கொலெசானோ, கம்பொபெலீச்சே ஆகிய ஊர்களின் வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு கார்கள் ஓடின.

அந்த ஓட்டத்தின் பெருவீரர் பலெர்மோவைச் சேர்ந்த நீனோ வக்கரெல்லா. 1965, 1971, 1975 ஆகிய ஆண்டுகளில் மூன்று தடவைகள் வெற்றி பெற்றவர். 1964 இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேர ஓட்டத்திலும் வென்றவர். 2021 இல் தமது 88 ஆவது வயதிற் காலமானார். அவருடைய தொழில் என்ன தெரியுமா? பாடசாலை அதிபர்! 'பறக்கும் அதிபர்' என்றே இங்குள்ளோர் அவரை அன்போடு அழைத்தனர். கரும்பலகையோடு காலங்கழித்த எமக்கு இச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. வேகமும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவரே சாட்சி.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1977 இல் ஒரு கார் வீதியை விட்டு விலகிப் பார்வையாளர் மத்தியிற் பாய்ந்து உயிர்களைப் பறித்தது. பழைய வடிவிலான அந்த ஓட்டம் அத்துடன் முடிவுக்கு வந்தது. வீதிகளை மூடி, அனுமதி பெற்று, தேர்ந்த சாரதிகள் ஓட்டிய போட்டிக்கே அந்தக் கதி. அனுமதியுமின்றி, பயிற்சியுமின்றி, மக்கள் நடமாடும் வீதியில் ஓடினால் என்னவாகும்?

வீடியோ விளையாட்டில் தேர்ந்து உண்மையான பந்தய வீரரானவரும் உண்டு. 2011 இல் கிரான் டுரிஸ்மோ போட்டியொன்றில் வென்று சாரதியான பிரித்தானிய இளைஞர் யான் மார்டன்பரோவின் கதை 2023 இல் திரைப்படமாகவும் வந்தது. எமது பையன்கள் அவரை உதாரணம் காட்டுவார்கள். 2015 இல் ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங் திடலில் அவருடைய கார் வானில் எழுந்து வேலியைத் தாண்டியதில் ஒரு பார்வையாளர் உயிரிழந்தார் என்பதையும் அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். திரையில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். திடலிலும் வீதியிலும் அந்தப் பொத்தான் இல்லை.

ஆய்வுகள் கூறுவது

பீற்றர் பிஷர் தலைமையிலான ஜேர்மன் உளவியலாளர்கள் 2007 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வாகன ஓட்ட விளையாட்டை விளையாடி முடித்த இளைஞர்கள், பின்னர் திரையிற் காட்டப்பட்ட வீதிச் சூழ்நிலைகளில் மற்றையோரைவிடக் கூடுதலான ஆபத்தை ஏற்கத் துணிந்தனர் என்று அது கூறியது. 2009 இல் வெளிவந்த அவர்களது அடுத்த ஆய்வு எமது வினாவுக்கு மேலும் நெருங்கியது. வீதி விதிகளை மீறுவதற்குப் பரிசளிக்கும் விளையாட்டுக்களே இவ்விளைவைத் தந்தன. அவ்வாறு பரிசளிக்காத ஓட்ட விளையாட்டுக்கள் தரவில்லை. விளையாடுபவன் தன்னை ஒரு துணிந்த, கட்டுக்கடங்காத சாரதியாக எண்ணத் தொடங்குவதே காரணமென அவர்கள் விளக்கினர்.

இவை ஆய்வுகூடத்திற் கண்டவை. இவற்றைக்கொண்டு விளையாடுகின்ற ஒவ்வொரு பிள்ளையும் நாளை விபத்தை உண்டாக்குவான் என்று கூறுவது அறிவுடைமையாகாது. கோடிக்கணக்கானோர் விளையாடுகின்றனர், ஒழுங்காகவே வாகனமும் ஓட்டுகின்றனர். ஆயினும் ஒரு சம்பவத்தை எம்மால் மறக்க முடியவில்லை. 2006 ஜனவரியில், எமது உறவுகள் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரில், பதினெட்டு வயது இளைஞர் இருவர் இரண்டு மெர்சிடிஸ் கார்களில் வீதியிற் போட்டிபோட்டு ஓடினர். அதில் ஒரு வாடகைக் கார் சாரதி கொல்லப்பட்டார். பாகிஸ்தானிலிருந்து வந்து உழைத்த அவர் இன்னும் சில நாட்களிற் கனடியப் பிரசையாக இருந்தவர். இளைஞரின் கார் ஒன்றினுள் 'நீட் போர் ஸ்பீட்' விளையாட்டு ஒன்று கிடந்தது. அந்த விளையாட்டுத்தான் அவரைக் கொன்றது என்று நாம் கூறவில்லை. இரவு வேலை முடிந்து வீதியைக் கடக்கின்றவர்களும் வாடகைக் கார் ஓட்டுகின்றவர்களும் எம்மைப் போன்ற குடியேறிகள்தாம் என்பதை மட்டும் எமது பிள்ளைகளுக்கு நினைவூட்டுகின்றோம்.

பதினான்கு வயது

இத்தாலியச் சட்டப்படி பதினான்கு வயதில் ஏ.எம். வகை அனுமதிப்பத்திரம் பெற்று 50 சி.சி. வண்டியை ஓட்டலாம். அதன் உச்ச வேகம் மணிக்கு 45 கிலோமீற்றர். பதினாறு வயதுக்கு முன்னர் பின்னால் எவரையும் ஏற்ற முடியாது. தலைக்கவசம் கட்டாயம். வேகத் தடுப்பை நீக்கி வண்டியை 80 இல் ஓடவிடும் பழக்கம் இந்நகர இளைஞரிடம் உண்டு, அது சட்டவிரோதம்.

பெற்றார் பலர் அறியாத இன்னொரு செய்தியும் உண்டு. குற்றவியற் பொறுப்பும் இந்நாட்டிற் பதினான்கு வயதிலேயே தொடங்குகின்றது. அனுமதியின்றி மோட்டார் வாகனங்களிற் போட்டியிட்டு ஓடுவது வெறும் தண்டப்பணத்தோடு போகும் தவறன்று. வீதிச் சட்டத்தின் 9-தெர் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறையும், 5,000 முதல் 20,000 யூரோ வரை தண்டமும் விதிக்கப்படலாம். உயிரிழப்பு நேர்ந்தால் தண்டனை பல வருடங்களாகும். பதினெட்டு வயதுக்குட்பட்டோரைச் சிறுவர் நீதிமன்றம் விசாரிக்கும், தண்டனையுங் குறையும். ஆனால் குற்றம் குற்றமே. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்கு இதன் பாரம் புரியும்.

பெற்றார் செய்யக்கூடியவை

எமது வீடுகளில் ஒரு விசித்திரம் உண்டு. குவெஸ்தூராவிலும் மருத்துவமனையிலும் பாடசாலையிலும் எமக்கு மொழிபெயர்ப்பவன் மகன். விளையாட்டுப் பெட்டியின்மேல் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்பவனும் அவனே! தன் வழக்கில் தானே மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன் எதைச் சொல்வான், எதை விடுவான்?

இதற்கு மொழி தேவையில்லாத ஒரு வழி உண்டு. 2003 முதல் ஐரோப்பாவில் வழக்கிலுள்ள 'பெகி' முறைப்படி ஒவ்வொரு பெட்டியிலும் 3, 7, 12, 16, 18 என்ற எண்களுள் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். 16 என்றிருந்தால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது உரியதன்று. கார் ஓட்டம் நிறைந்ததென்று பையன்கள் விரும்பிக் கேட்கும் 'கிராண்ட் தெஃப்ற் ஓட்டோ' ஐந்தாம் பாகம் 18 என்ற எண்ணைப் பெற்றது. பெட்டியின் பின்புறத்திலுள்ள சிறு படங்கள் வன்முறை, தூஷணச் சொற்கள், சூதாட்டம், விளையாட்டினுள் பணம் செலுத்தும் வசதி முதலியவற்றைக் குறிப்பன.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீதி விதிகளை மீறுவதற்குப் பரிசு உண்டு என்று எச்சரிக்கும் படம் அவற்றுள் இல்லை. எண் சிறிதாக இருக்கின்றது என்பதற்காக மட்டும் விளையாட்டு ஏற்றதென்று முடிவு செய்துவிட முடியாது. அதைப் பெற்றாரே கண்டறிய வேண்டும். அதற்கு இத்தாலிய மொழியும் வேண்டாம், கணினி அறிவும் வேண்டாம். ஒரு மாலை பிள்ளைக்குப் பக்கத்தில் அமர்ந்து, "இதிலே எதற்குப் புள்ளி கிடைக்கின்றது?" என்று கேட்டாற் போதும். வளைவை ஒழுங்காக எடுத்ததற்கா, எதிர்த்திசையில் ஓடியதற்கா? தோற்றுப்போன காரிலிருந்தவர் என்ன ஆனார்? இக்கேள்விகளுக்குப் பையன் சொல்லும் விடையே பெட்டியிலுள்ள எண்ணைவிடக் கூடுதலாக எமக்கு உணர்த்தும்.

அத்தாயாருக்கு நாம் கூறியது இதுதான்: திடலில் ஓடும் விளையாட்டை வாங்கிக் கொடுங்கள். பொலிசாரிடமிருந்து தப்பும் விளையாட்டை இந்த வருடம் வேண்டாமென்று கூறுங்கள், காரணத்தையும் கூறுங்கள். மோட்டோரீனோவுக்குப் பணமில்லை என்ற விடையோடு நின்றுவிடாதீர்கள். பணம் ஒருநாள் சேரும்; அல்லது நண்பனொருவன் தன் வண்டியைக் கொடுப்பான். அந்நாளில் அவனுக்குத் துணையாக இருக்கப்போவது பணமில்லை என்ற சொல்லன்று.

அவர் சற்று யோசித்துவிட்டு, "பக்கத்திலை இருக்கச் சொல்லுறியள், மாஸ்ரர். நான் வேலையாலை வரவே ஒன்பது மணியாகுது" என்றார்.

எம்மிடம் அதற்குச் சுலபமான விடை இருக்கவில்லை. வியாழன் பிற்பகல் தமக்கு ஓய்வென்று அவரே பின்னர் கூறினார். வாரத்தில் ஒரு பிற்பகல் சொற்பந்தான். ஆனால் பதினான்கு வயது மகன், தான் வாழும் உலகைத் தாய்க்கு விளக்கிக் காட்டுவதற்கு அது போதும். ஏனைய பெற்றாரும் தமக்குக் கிடைக்கும் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குவார்களாக.